எதிர்ச் சன்னல் தூசி

வடிகட்டி எங்கே என்று கேட்டான். பெயிண்ட் வடிகட்டும் காகிதக் கூம்பு. தினமும் வேண்டியது, தினமும் தொலைவது. அவள் பலகையிலிருந்து தலையை எடுக்காமல், அலமாரியில் இரண்டாவது தட்டு என்றாள். அங்கே இல்லை என்றான்.

"கண்ணால தேடுங்க பெயிண்டரே... வாயால தேடினா எப்படிக் கிடைக்கும்?"

கொஞ்ச நேரம் டப்பாக்கள் நகரும் சத்தம். அப்புறம், "இருக்கு மேடம், இருக்கு" என்ற குரல். அதில் சிரிப்பு இருந்ததா என்று அவள் பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்தாள். இருந்திருக்கும். மாடிப்படி இறங்கும் காலடி கேட்டது. கையில் உளி இருந்ததால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் பட்டறையிலிருந்து இரண்டு பேர் மாடியேறி வந்தார்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஒருவர்தான் வருவார். இரண்டு பேராக வந்ததிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். எல்லாம் முடிந்து மறுநாள் அவள் பட்டறைக்குள் போனபோது, அவன் கலந்து வைத்திருந்த கிளியர் என்னும் நிறமில்லா மேல்பூச்சு கிண்ணத்திலேயே இறுகிக் கல்லாகியிருந்தது. வடிகட்டி அதன் பக்கத்திலேயே இருந்தது.

அவர்கள் முதன்முதலில் பேசிக்கொண்டதும் இதே மாடியில்தான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முந்தி. அன்று அவன் மேலே வந்தான். கோபமாக வந்தான்.

அவள் கிட்டார் செய்கிறவள். அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு சன்னல், சுவர் நிறைய இடுக்கிகள், எந்நேரமும் பசை வாசனை. தெருவில் அவளுக்குக் 'கிட்டார்காரி' என்று பெயர். எதிரே கார்களுக்கு நசுங்கல் எடுத்துப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை. நடுவில் இருந்த சந்து, கையை நீட்டினால் எதிர்க்கூரையைத் தொட்டுவிடலாம் போல அவ்வளவு ஒடுக்கம்.

காலையெல்லாம் பலகையை உப்புத்தாளால் தேய்த்திருந்தாள். மேசைத் துணியைச் சன்னலுக்கு வெளியே நீட்டி நாலு உதறு உதறினாள். மரத்தூள் வெயிலில் பொன்னாக மிதந்து இறங்குவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது எங்கே போய் இறங்குகிறது என்று அவள் பார்க்கவில்லை. பட்டறை முற்றத்தில், ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கிளியர் அடித்த ஒரு கார்க் கதவு ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டாமலே வந்து நின்றான். மூக்கும் வாயும் மாஸ்க்குக்குள். தெரிந்தது கண்கள் மட்டும். பெரிய கண்கள்... இமை மயிர் ஒவ்வொன்றிலும் வெள்ளிப் பொடி படிந்து, கண் சிமிட்டும்போதெல்லாம் மின்னியது. சண்டைக்கு வருகிறவன் இப்படி அலங்காரம் பண்ணிக்கொண்டா வருவான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கீழ வந்து பாருங்க மேடம். மாவுல புரட்டி எடுத்த மாதிரி இருக்கு கதவு."

ஈரக் கதவை யார் வெளியில் மாட்டச் சொன்னது என்று அவள் திருப்பிக் கேட்டாள். சன்னல் எங்கள் சன்னல் என்றாள். காற்று எல்லோருக்கும் பொது என்றான் அவன். பேசிக்கொண்டே அவன் பார்வை அவள் வலது காதுக்குப் போனது, இடது காதுக்குப் போனது, மறுபடி வலதுக்கே வந்தது. காதில் தூசி ஒட்டியிருக்கிறது போல என்று அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இல்லாமல்தான் இறங்கிப் போனாள். கதவைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. கீழ்ப்பாதி முழுக்க மரத்தூள். மேல்பாதியில் தூசி விழாத ஒரு சாண் இடம் இருந்தது. அந்த ஒரு சாணுக்குள் சந்து தெரிந்தது, மேகம் தெரிந்தது, அவள் முகம் தெரிந்தது. மூக்கு நுனியில் இருந்த பசைத் துளிகூடத் தெரிந்தது.

இது வியர்வைக்குத் தாங்குமா என்று கேட்டாள்.

"வெயிலுக்குத் தாங்குது, மழைக்குத் தாங்குது, காக்கா போடறதுக்குத் தாங்குது. உங்க வியர்வை என்ன அதைவிடப் பெரிய ஆளா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் அவளுடைய பிழைப்பே இருந்தது. அவள் முதன்முதலாக ஒரு இசைப் பள்ளிக்குச் செய்து கொடுத்த கிட்டார் இரண்டு மாதத்தில் திரும்பி வந்திருந்தது. வாசித்த டீச்சரின் முன்கை படும் இடத்தில் பாலிஷ் வெளுத்து, பிசுபிசுத்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அது துணியால் தொட்டுத் தொட்டுப் பூசும் பாலிஷ். அழகு உண்டு, வியர்வையைத் தாங்காது. டீச்சர் நல்லவர். இன்னொன்று செய், ஏழு மாதம் கழித்து வந்து பார்க்கிறேன் என்று தேதியும் சொன்னார். அண்ணன் அவ்வளவு நல்லவராக இருக்கவில்லை. இன்னொன்றும் திரும்பி வந்தால் அறையைப் பூட்டிவிட்டுத் தன் ஆபீசுக்கு வேலைக்கு வந்துவிட வேண்டும் என்றார். அவளும் வீம்பில் சரி என்று சொல்லிவிட்டாள்.

மரம் தயாராக இருந்தது. மேலே பூசத்தான் வழி தெரியாமல் இருந்தது.

மறுநாள் அவளே பட்டறைக்குப் போய்க் கேட்டாள். கேட்ட கையோடு நிபந்தனையும் போட்டாள்: காருக்கு அடிப்பது போல் கெட்டியாக அடித்தால் மரம் ஊமையாகிவிடும். அவன் அவள் கொடுத்த துண்டுப் பலகைகளை வாங்கிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து ஒன்றைக் கொண்டுவந்தான். அவள் அதைக் காதோரம் பிடித்து விரல் முட்டியால் தட்டினாள். "ஊமை" என்றாள். இன்னொன்று கொண்டுவந்தான். "திக்குவாய்" என்றாள். மூன்றாவதுக்கு ஜலதோஷம் என்றாள். நாலாவதைக் கொடுத்தபோது, இதுக்கு என்ன வியாதி மேடம், மருந்து கடையில கிடைக்குமா என்று கேட்டான். ஐந்தாவதை அவள் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அவன் பலகையை வாங்கித் தன் காதில் வைத்துத் தட்டிப் பார்த்தான். முதல் பலகையைத் தட்டினான். மறுபடி ஐந்தாவதை...

"ஆமா..." என்றான் மெதுவாக. வித்தியாசம் கேட்டுவிட்டது. அந்த நிமிஷம் அவன் முகத்தில் வந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. மாஸ்க் இல்லாமல் அந்த முகத்தை அவள் கவனித்துப் பார்த்ததும் அப்போதுதான்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் அடித்தால் கிளியர் பனி பிடித்த கண்ணாடி போல மங்கிவிடும் என்றான். மூன்று நாள் காத்திருந்தார்கள். பெயிண்ட் அடிக்கும் தகர அறையில் கிட்டாரைக் கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டு, ஆளுக்கொரு கவிழ்த்த டப்பாவில் உட்கார்ந்திருந்தார்கள். கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் பேச்சுப் பாதிதான் கேட்டது. கேட்காத பாதிக்கும் சேர்த்துத் தலையாட்டினார்கள். கிட்டாரின் விரல் பலகைக்கு டேப் ஒட்டினான். கம்பியைத் தாங்கும் கட்டை ஒட்ட வேண்டிய இடத்தை அவள் அளந்து சொல்ல, அதையும் டேப்பால் மறைத்தான். அங்கே கிளியர் பட்டால் பசை பிடிக்காது. நடுவில் இருக்கும் வட்டத் துளைக்குள் கிளியர் போகாமல் இருக்க ஒரு சிவப்பு பலூனை உள்ளே விட்டு ஊதி அடைத்தான். ஊதி முடித்ததும் கன்னம் இரண்டும் சிவந்திருந்தது. பலூன் எது, முகம் எது என்று தெரியவில்லை என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகு இருவரும் ஏனோ வேறு பக்கம் பார்த்தார்கள்...

நாலாம் நாள் வெயில் வந்தது. கிட்டார் முழுவதையும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஒரு திரவத்தில் நனைத்த துணியால் துடைத்தான்; பிறகு பிசுபிசுப்பான இன்னொரு துணியால் கண்ணுக்குத் தெரியாத தூசியையும் எடுத்தான்.

"இனிமே தொடக் கூடாது. மூச்சுகூடத் தள்ளி நின்னு விடுங்க" என்றான். கிளியரை இறுக வைக்கும் ஹார்டனர் கலக்க வெளியே போனான்.

அறையில் அவளும் கிட்டாரும் தனியாக இருந்தார்கள். ஆறு மாத வேலை. இன்னும் பத்து நிமிஷத்தில் அந்த மரத்தின் மேல் ஒரு தோல் ஏறிவிடும். அதற்கப்புறம் வெறும் மரத்தின் குரலை யாரும் கேட்கப் போவதில்லை. கை வைக்கவில்லையே, காது வைத்தால் என்ன என்று தோன்றியது. வலது காதை முகப்பலகையில் வைத்து, பின்பக்கத்தை முழங்கை நுனியால் தட்டிக் கேட்டாள். ஆழமாக, நிதானமாக... நன்றாக இருந்தது. அவன் வருவதற்குள் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

ஹார்டனர் கலந்துவிட்டால் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். அவன் அவசரப்படவில்லை. ஒரு சாண் தூரத்தில் ஸ்ப்ரே கன். விளிம்புக்கு வெளியே விசையை அழுத்தி, நேர்கோட்டில் கடந்து, மறு விளிம்பைத் தாண்டி விசையை விட்டான். மணிக்கட்டு வளையவில்லை, உடம்பே நடந்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடியது. முதலில் பக்கவாட்டு, பிறகு முதுகு, கடைசியில் முகம். முதல் பூச்சு மூடுபனி போல. கால் மணி நேரம் பொறுத்து இரண்டாவது, ஈரமாக. மரத்தின் ரேகைகள் தண்ணீருக்கடியில் தெரிவது போல எழுந்து வந்தன. வாசலில் நின்றிருந்த அவள் ஒரு எட்டு உள்ளே வைத்தாள்.

அப்புறம்தான் குழிகள் விழுந்தன.

முகப்பலகையின் கீழ்ப்பக்கம், ஊசிமுனை அளவுக்கு வட்ட வட்டமாகக் கிளியர் விலகி, அடியில் மரம் தெரிந்தது. மீன்கண் என்பார்கள் பெயிண்டர்கள். எண்ணெயோ கார் பாலிஷோ பட்ட இடத்தில் கிளியர் ஒட்டாமல் ஓடிவிடும். அவன் கன்னை இறக்கிவிட்டுக் குனிந்து வெகு நேரம் பார்த்தான்.

ஆபீஸ் காரை எடுக்க வந்த அண்ணன் அந்த நேரம் பார்த்து அங்கே வந்து நின்றார். என்ன ஆச்சு, யார் தப்பு என்று கேட்டார். பெயிண்டர் நிமிர்ந்து ஒரு தடவை அவளைப் பார்த்தான். என்ன பார்வை அது என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

"என் தப்புதான் சார். காலைல ஒரு வண்டிக்குப் பாலிஷ் போட்டேன். கையில இருந்திருக்கும். நானே சரி பண்ணித் தரேன்."

 ஆறு மாதம், அறை, வீம்பு எல்லாம் சேர்ந்து அவள் நாக்கில் ஏறியது.

"கார் துடைக்கற கைல குடுத்தேன் பாருங்க... என்னைச் சொல்லணும்."

 அவன் மாஸ்க்கை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டான். கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்களில் அன்று ஒன்றும் மின்னவில்லை.

மூன்றாம் நாள் அவள் அடுத்த கிட்டாருக்கான பலகையைக் காதில் வைத்துத் தட்டிக் கேட்டுவிட்டு, வெளிச்சத்துக்காகச் சன்னல் பக்கம் சாய்த்தாள். வெளிறிய மரத்தில் ஒரு மங்கலான ஈரக் கறை இருந்தது. வளைவாக, மேலே அகன்று, கீழே குறுகி... அவள் அந்தப் பலகையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் தலைக்கு எண்ணெய் தடவாமல் அவள் ஒருநாளும் வேலைக்கு உட்கார்ந்ததில்லை. இத்தனை காலம் துணியால் பூசிய பாலிஷில் ஸ்பிரிட் இருந்தது. அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. கிளியர் கரைக்கவில்லை. காட்டிக் கொடுத்துவிட்டது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒருநாள். டீச்சர் வந்து போன பிறகு சொல்லலாம் என்று இரண்டு நாள். தன் தப்பு என்று வெளியில் வந்தால் அண்ணன் பூட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்ற பயம் ஒன்று. அந்த வார்த்தையைச் சொன்ன வாயால் எப்படிப் போய்ச் சொல்வது என்ற வெட்கம் இன்னொன்று. துணியை உதறவும் சன்னல் பக்கம் போகவில்லை. தூசி மேசையிலேயே கிடந்தது.

எட்டாம் நாள் சாப்பிடும்போது அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார்: அந்தப் பட்டறைக்கு இனி ஆபீஸ் வண்டிகள் போகாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். முதலாளி அந்தப் பெயிண்டரின் தாய்மாமன்தான். மருமகன் என்றும் பாராமல் ஆட்கள் முன்னால் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாராம். அவன் வாயே திறக்கவில்லையாம்.

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அண்ணா... அவர் கை இல்ல அது. என் காது."

எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெய், காது, மூன்றாம் நாளே தெரிந்துகொண்டது, தெரிந்தும் சும்மா இருந்தது. அண்ணன் கை கழுவப் போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். பூட்டு எங்கே என்று கேட்கப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"கிட்டார் திரும்பி வந்தா ரூமைப் பூட்டறதுன்னு பேச்சு" என்றார் துண்டில் கை துடைத்துக்கொண்டே. "அது இன்னும் போகவே இல்லையே. முதல்ல போய் அந்த ஆள்கிட்ட சொல்லு. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

வெளியில் தூறல். சந்தின் அந்தப் பக்கம் போக இரண்டு எட்டு போதும். அன்று அது நீண்டுகொண்டே போனது. அவன் தகர அறையில் தனியாக உட்கார்ந்து, மடியில் கிட்டாரை வைத்து மெருகு துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். சீராகத் தேய்த்து, மறுபடி அடித்து, காயவைத்து, எல்லாம் முடித்திருந்தான். அதன் முகத்தில் தகரக் கூரை தெரிந்தது, வாசல் தெரிந்தது, வாசலில் நனைந்து நின்ற அவள் தெரிந்தாள். அவன் அதில்தான் அவளைப் பார்த்தான். நிமிரவில்லை.

"அது என் காது" என்றாள்.

"தெரியும்."

"எப்போ?"

"அன்னிக்கே. பாலிஷ் பட்டா அங்கங்க சிதறி விழும். இது வளைஞ்சு வரிசையா விழுந்திருந்துச்சு. வலது காது." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க வலது காதுல தோடு போடறதில்ல. மரத்துல கீறும்னு கழட்டி வெச்சுடறீங்கன்னு நினைச்சேன். முதல் நாளே பார்த்தேன்... சண்டை போட வந்தப்போ."

அவள் கை தானாக அந்தக் காதுக்குப் போனது. கண்ணில் நின்றது மழைத்தண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை.

"தெரிஞ்சும் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க? நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லியும்..."

"உங்க அண்ணன் பக்கத்துல நின்னாரே. பூட்டற கதையெல்லாம் நீங்கதானே மழையில உக்காந்து சொன்னீங்க." துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். "ரூமைப் பூட்டிட்டு நீங்க போயிட்டா... எதிர்ல யாரு மேடம் தூசி தட்டுவாங்க?"

தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. இந்த முறை பேச்சு முழுக்கக் கேட்டுவிட்டது. இருவரும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

"அப்போ... தினமும் தட்டட்டுமா?"

"சொல்லிட்டுத் தட்டுங்க. கதவை உள்ள எடுத்து வெச்சுக்கறேன்."

அப்புறம் அவன் கிட்டாரை வெளிச்சத்தில் சாய்த்து ஒரு குறையையும் காட்டினான். குழிகளையெல்லாம் தேய்த்து எடுத்தாகிவிட்டது; மூன்றில் மட்டும் எண்ணெய் மரத்துக்குள் இறங்கியிருந்தது. இன்னும் தேய்த்தால் பலகை மெலிந்து குரல் கெட்டுவிடும். அதனால் கிளியரைத் துளித் துளியாக வைத்து நிரப்பிவிட்டேன், சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும், இருக்கட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றாள்.

டீச்சர் சொன்ன தேதிக்கு வந்தார். முன்கையைக் கிட்டார் மேல் சாய்த்துப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் வாசித்தார். துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தார். துடைத்த இடம் பளிங்காக இருந்தது. பள்ளிக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்றார். அறையைப் பூட்டும் பேச்சை அண்ணன் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அடுத்த வருஷம் கல்யாணப் பேச்சை எடுத்தவர் அவர்தான். ஆபீஸ் வண்டிகளும் பட்டறைக்கே திரும்பி வந்தன. கல்யாணத்துக்கு அப்புறமும் அவன் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டான்; அவளுக்கும் பெயிண்டர் என்றே வந்தது. துணியை உதறும் முன் அவள் சன்னலில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். கீழே அவன் கதவை உள்ளே இழுப்பான். பதின்மூன்று வருஷம்.

போன மாதம் டீச்சர் அந்தக் கிட்டாரை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். அவன் போன விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார். ஒரு கம்பி லேசாக இரைகிறது என்று மட்டும் சொன்னார். அவள் கட்டையில் கம்பி அமரும் துண்டைக் கொஞ்சம் உயர்த்தி, கம்பியை மறுபடி பூட்டி, சுருதி சேர்த்தாள். இரைச்சல் போய்விட்டது. திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு பழக்கத்தில் கிட்டாரைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

கறை ஏதாவதா என்று டீச்சர் கேட்டார்.

"இல்லங்க. அது முதல்லேர்ந்தே அப்படித்தான்."

முன்கை படும் இடம் மங்கவில்லை. கீழ்ப்பக்கம் அந்த வளைவில் புள்ளிகள் மூன்று இருந்தன. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.